இயங்குதளங்களில் ஏசிபிஐ ஆதரவின் இயல்பமைப்பை ஏன் சோதிக்க வேண்டும்?

ஏசிபிஐ என்பது, கணினியின் மின்விசிறி, பேட்டரி, உறக்கநிலை ஆகியவற்றைக் கையாளும் வழியைத் தாய்ப்பலகையின் நிலைபொருள் (வன்பொருளிலேயே பதிந்துள்ள அடிப்படை மென்பொருள்) இயங்குதளத்திற்கு அட்டவணைகளாகத் தெரிவிக்கும் பொதுவிதியாகும். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகியவை அதனை 1996இல் வெளியிட்டன. பயனர் எதையும் மாற்றாதபோது இயங்குதளத்தில் அது இயங்கியிருக்குமா, அணைந்திருக்குமா என்பதே இங்கு இயல்பமைப்பு.

அட்டவணையை எழுதுபவர் கணினித் தயாரிப்பாளர். அதை நம்பி நடப்பதோ பிறர் எழுதிய இயங்குதளம். சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகைக்கு எடுத்த வீட்டின் மின்பெட்டியில், எந்தச் சுவிட்சு எந்த அறைக்கு என்று முன்பு யாரோ தவறாக எழுதி ஒட்டியிருந்தால், சமையலறை விளக்கை அணைப்பதாக எண்ணிக் குளிர்பெட்டியை நிறுத்திவிடுவோம் அல்லவா?

தொடக்கக் காலத்தில் பிழையான அட்டவணைகள் மலிந்திருந்தன. ஆகவே, குறிப்பிட்ட ஓர் ஆண்டுக்கு, எடுத்துக்காட்டாக 2001க்கு, முற்பட்ட பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் நிலைபொருள்) கொண்ட கணினிகளில் ஏசிபிஐ தானாகவே அணைந்திருக்குமாறு செய்யும் விருப்பத்தேர்வு லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கருவில் சேர்க்கப்பட்டது.

பெரும்பாலான பயனர்கள் இயல்பமைப்பை ஒருபோதும் மாற்றுவதில்லை என்பதால், அதனைப் பழைய, புதிய கணினிகள் பலவற்றில் சோதித்த பின்னரே முடிவுசெய்ய வேண்டும். கணினி தொடங்கினால் மட்டும் போதாது. உறங்கி மீண்டும் விழிக்கிறதா என்பதே என் கருத்தில் மிகக் கடினமான சோதனை.

ஏசிபிஐயை அணைத்ததும் கணினி தொடங்கிவிட்டால் பழுது நீங்கிவிட்டது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அது பழுதின் இடத்தைக் காட்டும் வழி மட்டுமே, அந்நிலையில் பேட்டரி அளவும் வெப்பக் கட்டுப்பாடும் இயங்காமற்போகலாம்.