உயிர்வேதியியல் எடுக்கட்டுமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறாள், உயிர்வேதியியல்தான் எடுப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். உங்களுக்கு மூன்று பயம். அது என்ன படிப்பு என்றே பிடிபடவில்லை. படித்தால் வேலை கிடைக்குமா என்று தெரியவில்லை. இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு இந்த வேலைகளையும் எடுத்துக்கொண்டுவிடுமோ என்ற கலக்கம் வேறு. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “அவளுக்கு உயிரியல் ரொம்பப் பிடிக்கும், வேதியியல்தான் அவ்வளவாக வராது.” உங்கள் மூன்று பயங்களையும் விட எனக்கு இந்த வரிதான் கவலை தருகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெயரில் உயிர் முன்னால் இருந்தாலும் இது வேதியியல் படிப்பு. புரதம், நியூக்ளிக் அமிலம் (டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இந்த வகை), கார்போஹைட்ரேட், கொழுப்பு என்ற நான்கு வகை மூலக்கூறுகள் எப்படி அமைந்திருக்கின்றன, ஒன்றோடொன்று எப்படி வினைபுரிகின்றன என்பதுதான் முதல் ஆண்டிலிருந்து கடைசி ஆண்டு வரை. தவளையின் உள்ளுறுப்புகளையும் பூவின் பாகங்களையும் வரைந்து மகிழ்ந்த பிள்ளைகள் இதே மகிழ்ச்சி தொடரும் என்று நம்பி வந்து, முதல் பருவத்திலேயே பிணைப்பு ஆற்றலையும் அமில மாறிலியையும் பார்த்துத் திகைத்துப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் திறமை குறைந்தவர்கள் இல்லை. எங்கே வருகிறோம் என்று யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். உருளைக்கிழங்கில் இருக்கும் மாவுச்சத்தும் பருத்தி நூலில் இருக்கும் செல்லுலோஸும் குளுக்கோஸைச் சங்கிலியாகக் கோத்து உண்டானவைதான். மணி ஒன்றே. ஆனால் முதலாவதை நம் உடல் செரித்துச் சக்தியாக்கிக்கொள்கிறது, இரண்டாவதை நம் நொதிகளால், அதாவது உடலில் வினைகளை வேகப்படுத்தும் புரதங்களால், உடைக்கவே முடியாது. என்ன வித்தியாசம்? ஒரு குளுக்கோஸை அடுத்த குளுக்கோஸோடு இணைக்கும் பிணைப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான். மாவுச்சத்தில் அது ஆல்ஃபா பிணைப்பு, செல்லுலோஸில் பீட்டா. நம் உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் நொதி ஆல்ஃபாவை வெட்டும், பீட்டாவைத் தொடாது. இந்தச் சின்னத் திருப்பத்தால் ஒன்று உணவாகவும் மற்றொன்று துணியாகவும் ஆகிவிட்டது.

இதை உங்கள் மகளிடம் சொல்லிப் பாருங்கள். “அப்படியா, நொதிக்கு அந்தத் திருப்பம் எப்படித் தெரிகிறது?” என்று அவள் திருப்பிக் கேட்டால், வேதியியல் மதிப்பெண் குறைவாக இருந்தாலும் நான் கவலைப்பட மாட்டேன். “சரி, தேர்வுக்கு இது வருமா?” என்று கேட்டால், உட்கார்ந்து பேச வேண்டும்.

“வேதியியல் வராது” என்பதில் இரண்டு வகை உண்டு. பள்ளியில் உலோகங்களைப் பிரித்தெடுக்கும் முறைகளையும் நூற்றுக்கணக்கான சமன்பாடுகளையும் மனப்பாடம் செய்ய முடியாமல் மதிப்பெண் குறைந்தவர்கள் ஒரு வகை. இவர்கள் தாராளமாக வரலாம். உயிர்வேதியியலுக்குப் பள்ளி வேதியியல் முழுவதும் தேவைப்படாது. வேதிப் பிணைப்பு, அமிலம்-காரம், சமநிலை, வெப்ப இயக்கவியலின் அடிப்படை, கரிம வேதியியலில் வினைத் தொகுதிகள் ஆகிய ஐந்தும் உறுதியாக இருந்தால் போதும். பள்ளி முடிந்து கல்லூரி தொடங்கும் வரையிலான விடுமுறையில் இவற்றைச் சரிசெய்துவிடலாம். கூடவே கணக்கில் வரும் மடக்கை (லாகரிதம்). இரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.4-லிருந்து 7.1-க்கு இறங்கினால் பார்வைக்கு அது சின்ன மாற்றம்தான், ஆனால் ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு மடங்காகிவிட்டன என்று பொருள். மடக்கை புரியாத பிள்ளைக்கு இந்த ஆபத்து கண்ணிலேயே படாது. இன்னொரு வகையினருக்கு அணுக்கள், எலக்ட்ரான்கள் என்றாலே சலிப்பு. முழு விலங்கும் காடும் கடலும் அவர்களை இழுக்கும். அவர்களுக்கு விலங்கியலும் சூழலியலும் நல்ல படிப்புகள். உயிர்வேதியியலுக்குள் தள்ளினால் மூன்று ஆண்டும் வேதனை.

இன்னொன்றும் மனம் விட்டுக் கேளுங்கள். மருத்துவம் கிடைக்காது என்ற பயத்தில் அதற்கு அக்கம்பக்கமாக ஒன்று என்று இதைப் பிடித்திருக்கிறாளா? அப்படியென்றால் கோபப்படாதீர்கள், அந்த வயதில் அது இயல்பு. ஆனால் இரண்டும் வேறு வேலை. மருத்துவர் எதிரில் எப்போதும் ஒரு மனிதர் இருப்பார். இவள் எதிரில் பெரும்பாலும் ஒரு சோதனைக் குழாய்தான் இருக்கும். மனிதர்களோடு பேசுவதில்தான் அவளுக்கு உயிர் இருக்கிறது என்றால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இப்போது வேலை விஷயம். பெற்றோர்களிடம் நான் விரிவாகச் சொல்வது மருத்துவமனை ஆய்வகத்தைப் பற்றித்தான், ஏனென்றால் அதை எல்லோரும் பார்த்திருப்போம். ‘மூன்று மாதச் சர்க்கரை’ என்று சொல்கிறோமே, ஹெச்பிஏ1சி, அந்தப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ், நொதி எதுவும் இல்லாமலேயே, மெல்ல மெல்ல ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. ஆகவே எத்தனை சதவீத ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். அளப்பதை இயந்திரம் செய்துவிடும். ஆனால் சிவப்பணுக்கள் சீக்கிரமே அழியும் வகை இரத்தசோகை ஒருவருக்கு இருந்தால், சர்க்கரை ஒட்டுவதற்குப் போதிய நாள் கிடைக்காது. உண்மையில் சர்க்கரை அதிகமாக இருந்தும் எண் குறைவாக வரும். அந்த அறிக்கையைப் பார்த்து “கொஞ்சம் பொறுங்கள், இது பொருந்தவில்லையே” என்று நிறுத்துபவர் அந்த ஒட்டுதலின் வேதியியலைப் படித்தவராக இருக்க வேண்டும். இந்தப் படிப்பு கொடுக்கும் பிழைப்பு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன். ஒரு எச்சரிக்கை: மருத்துவமனை ஆய்வகத்தில் கையெழுத்திடும் பொறுப்புக்குப் பல நாடுகளில் தனித் தகுதியோ பதிவோ கேட்பார்கள். உயிர்வேதியியல் பட்டம் மட்டும் போதுமா என்பதைச் சேரும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மருந்துத் துறை. 1921-ல் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்ட பிறகு பல பத்தாண்டுகளுக்குப் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்துதான் அது கிடைத்தது. உயிர்வேதியியலாளர் பிரெடெரிக் சாங்கர் அதன் 51 அமினோ அமிலங்களின், அதாவது புரதச் சங்கிலியைக் கட்டும் அலகுகளின், வரிசையைக் கண்டறிந்து 1958-ல் நோபல் பரிசு பெற்றார். ஒரு புரதத்தின் முழு வரிசையும் மனிதருக்குத் தெரிந்தது அதுதான் முதல் முறை. பின்னர் மனித இன்சுலினுக்கான மரபணுத் தகவலை நுண்ணுயிருக்குள் வைத்து அதையே தயாரிக்க வைத்தார்கள். 1982-ல் அது மருந்தாக அனுமதி பெற்றது. இன்று இப்படிப் புரதமாகவே வரும் மருந்துகள் ஏராளம். நுண்ணுயிரை வளர்ப்பது, புரதத்தைப் பிரித்துச் சுத்தப்படுத்துவது, ஒவ்வொரு தொகுதியும் தரமாக இருக்கிறதா என்று சோதிப்பது என்று வரிசையாக வேலை இருக்கிறது. இதில் தரச் சோதனைதான் புதிதாகப் படித்து வருபவர்களுக்குப் பெரும்பாலும் திறக்கும் முதல் கதவு. தினமும் ஒரே மாதிரி இருக்கும், பதிவேடு எழுதி எழுதிக் கை ஓயும். ஆனாலும் அங்கே கற்றுக்கொள்ளும் ஒழுங்கு எங்கே போனாலும் உதவுகிறது.

கொரோனாவுக்கு ஆர்.என்.ஏ. தடுப்பூசி வந்தபோது எல்லோரும் ஆர்.என்.ஏ. பற்றியே, அதாவது எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு பற்றியே, பேசினார்கள். அதன் எழுத்துகளில் ஒன்றைக் கொஞ்சம் மாற்றினால் உடல் அதை எதிரியாக நினைத்துப் பொங்குவது குறையும் என்று கண்டறிந்த கத்தலின் கரிகோவுக்கும் ட்ரூ வைஸ்மனுக்கும் 2023-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த ஆர்.என்.ஏ.வைச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது கொழுப்பால் ஆன நுண்துகள். அது இல்லாவிட்டால் ஆர்.என்.ஏ. வழியிலேயே சிதைந்திருக்கும். பாடத்திட்டத்தில் கொழுப்பு என்ற அத்தியாயத்தை அவசரமாக ஓட்டிவிடும் மாணவர்களுக்கு நான் இதைத் தவறாமல் சொல்வேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சலவைத்தூளில் கறையை வெட்டும் நொதிகளைத் தயாரிப்பவர்கள், உணவின் தரத்தைச் சோதிப்பவர்கள், தடயவியல் ஆய்வகங்கள், பயிர் ஆராய்ச்சி, நோய் கண்டறியும் கருவிகள், காப்புரிமை, கற்பித்தல். எல்லாவற்றிலும் இடம் உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இளநிலைப் பட்டத்தோடு நின்றால் கிடைக்கும் வேலைகள் குறைவு, வளர்ச்சியும் மெதுவாகத்தான் இருக்கும். முதுநிலை முடித்தால் தொழில்துறையில் கதவுகள் அகலமாகத் திறக்கும். சொந்தமாக ஆராய்ச்சி செய்ய முனைவர் பட்டம் வேண்டும், அதற்கு இன்னும் பல ஆண்டுகள். இந்த நீளத்தைக் குடும்பம் தாங்குமா என்று இப்போதே பேசிவிடுங்கள். தாங்காது என்றால் கேவலம் ஒன்றும் இல்லை. முதுநிலை வரை திட்டமிட்டு, மருத்துவ ஆய்வகம் அல்லது தரச் சோதனை என்று குறி வைக்கலாம். இடையில் பணம் முட்டிப்போய்ப் பாதியில் நிற்பதுதான் என்னைப் பார்க்க வரும் பிள்ளைகளை உடைத்துப்போடுகிறது.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்டீர்கள். புரதம் எந்த வடிவில் மடியும் என்பதை அதன் அமினோ அமில வரிசையை வைத்தே கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரலுக்காக டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும், புதிய புரதங்களை வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கரும் 2024-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு வடிவத்தைக் கண்டுபிடிக்க ஆண்டுக்கணக்கில் உழைத்த காலம் போய், இப்போது பல நேரம் நிமிடங்களில் கணிப்பு கிடைக்கிறது. இது பெரிய மாற்றம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிரல் எதை வைத்துக் கற்றது? 1971-ல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில், ஆய்வகங்களில் படிகம் வளர்த்து, எக்ஸ்-கதிர் பாய்ச்சி, மனிதர்கள் சேர்த்து வைத்த வடிவங்களை வைத்து. கணித்த வடிவம் சரிதானா, அந்த நொதி உண்மையில் வேலை செய்கிறதா, மருந்து அதில் பொருந்துகிறதா என்பதற்கு இன்றும் யாராவது கையால் சோதனை செய்தாக வேண்டும். என் கணிப்பில், வெறும் சோதனைக் குழாயோடு நிற்பவரும் சிரமப்படுவார், வெறும் கணினியோடு நிற்பவரும் சிரமப்படுவார். பட்டப்படிப்போடு புள்ளியியலும் ஒரு நிரல்மொழியும், பைத்தான் போதும், கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கணக்கும் இயற்பியலும் இங்கே எவ்வளவு உதவும் என்பதற்கு ஒரு உதாரணம். ஜி.என். ராமச்சந்திரன் இயற்பியல் படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவரும் சக ஆய்வாளர்களும் 1963-ல் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எங்கே அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று காட்டியது. இன்றும் புதிதாக ஒரு புரத வடிவம் வந்தால் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். உங்கள் மகளுக்குக் கணக்கில் ஆர்வம் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஆர்வத்தை அவள் விட்டுவிடக் கூடாது.

கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், ஆய்வகத்துக்குள் போய்ப் பாருங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் செய்முறை? மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபைப்பெட்டை ஒவ்வொரு மாணவரும் கையில் பிடிக்கிறாரா, அல்லது ஆசிரியர் செய்து காட்ட முப்பது பேர் எட்டிப் பார்க்கிறார்களா? வேகமாகச் சுழற்றிப் பொருள்களைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜும், ஒளி உறிஞ்சப்படுவதை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரும் ஓடுகின்றனவா, உறை போட்டு மூடியிருக்கின்றனவா? கடைசி ஆண்டில் மாணவர் தானே ஒரு ஆய்வு செய்ய வேண்டுமா? இதையெல்லாம் அங்கே படிக்கும் மூத்த மாணவர்களிடம் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள்.

இனி வருவதை மகளிடம் கொடுங்கள், அவளுக்காக எழுதுகிறேன்.

மகளே, செல் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வினைத்தொடரான கிரெப்ஸ் சுழற்சியை மனப்பாடம் செய்யத் தொடங்காதே. ஒவ்வொரு படியிலும் எலக்ட்ரான் எங்கே போகிறது, கார்பன் எங்கே குறைகிறது என்று மட்டும் பார், பெயர்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். 20 அமினோ அமிலங்களை அகர வரிசையில் படிக்காதே. தண்ணீரை விரும்புவது எது, வெறுப்பது எது, மின்னேற்றம் உள்ளது எது என்று பிரித்துப் படி. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் மின்னேற்றம் உள்ள குளுட்டாமிக் அமிலம் போய், தண்ணீரை வெறுக்கும் வாலின் வந்தால், ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீள இழைகளாகின்றன. சிவப்பணு அரிவாள்போல் வளைந்துவிடுகிறது. டி.என்.ஏ.வில் மாறியது ஒரே ஒரு எழுத்து. பிரித்துப் படித்தவளுக்கு இந்த நோய் ஏன் வருகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம், சோதனைகள் தோற்கும். நீ பிழையே செய்யாத நாளிலும் தோற்கும். அந்த மாலையில் குறிப்பேட்டைத் திறந்து, என்ன நடந்தது என்று தேதி போட்டு எழுத மனம் வருமா என்று யோசித்துப் பார்.

அம்மா, அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே வாருங்கள். அதற்குள் அவள் ஒரு வேலை செய்யட்டும். மாவுச்சத்து, செல்லுலோஸ் இரண்டின் அமைப்பையும் தாளில் தானே வரைந்து, அந்த ஒரு பிணைப்பு எப்படித் திரும்பியிருக்கிறது என்று உங்களுக்கு விளக்க வேண்டும். நீங்கள் வேதியியல் படிக்காதவர் என்பது இதற்கு வசதிதான். உங்களுக்குப் புரிந்ததா, விளக்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று வந்து எனக்குச் சொல்லுங்கள். அந்தத் தாளையும் எடுத்து வாருங்கள்.