வயலை விற்க வேண்டாம்: வட்டக்கச்சித் தாய் ஒருவருக்குப் பதில்

அம்மா,

மகளை உயர்தரத்தில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். அவளுடைய சாதாரணதரப் பெறுபேறு நன்றாகவே இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. ஆறுதல் இத்துடன் போதும். கணிதத்திலும் வணிகக் கல்வியிலும் 'ஏ' எடுத்து, விஞ்ஞானத்தில் 'சி' எடுத்த பிள்ளையை உயிரியல் பிரிவில் சேர்க்கச் சொல்லும் உறவினர்கள் அவளுடைய பெறுபேற்றுத் தாளைப் பார்க்கவில்லை. 'எங்கள் வீட்டிலும் ஒரு டொக்டர்' என்று சொல்லும் நாளைத்தான் பார்க்கிறார்கள்.

இங்கே இடம் கிடைக்காவிட்டால் வெளிநாட்டில் மருத்துவம் படிப்பிக்கலாம், இரணைமடுவின் கீழுள்ள வயலை விற்றால் போதும் என்கிறாராம் கனடாச் சித்தப்பா. அப்படிப் படித்து வருபவர்கள் இலங்கையில் தொழில் செய்ய இன்னொரு தேர்விலும் சித்தியடைய வேண்டும் என்பதை அவர் சொன்னாரா? வயலை விற்காதீர்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை.

ஆசிரியர், எழுதுநர், வங்கிக் காசாளர் வேலைகளை நீங்களே அறிவீர்கள். உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் வேறு: நிலையான வைப்பின் வட்டி ஏன் இப்படி இறங்கியது என்று மகள் வங்கி முகாமையாளரிடமே கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்வியோடு நாள் முழுதும் மல்லுக்கட்டுவதற்கே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வங்கிகளின் தலைமையகத்தில் திறைசேரிப் பிரிவு என்று ஒன்று உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

அங்கே என்ன வேலை? மக்கள் வைப்பிடும் ரூபாயில் ஒரு பங்கை வங்கிகள் மத்திய வங்கியில் வைத்திருக்க வேண்டும். அதுதான் நியதி ஒதுக்கு. அது குறையாமல் பார்த்துக்கொள்வது திறைசேரிப் பிரிவின் வேலை. 2021 செப்டெம்பரில் அதை 2 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள், 2023 ஓகஸ்டில் மறுபடி 2 ஆக்கினார்கள். ஒரு கோடி ரூபாய் வைப்புக்கு முடங்கிக் கிடந்த 4 இலட்சம் 2 இலட்சமானது. நாடு முழுதும் அப்படிக் கணக்குப் போட்டால், கடன் கொடுக்க எவ்வளவு பணம் விடுபட்டிருக்கும் என்று மகளையே கேளுங்கள்.

அதற்காக வங்கிகளின் கையில் இருக்கும் பணம் ஒருநாள்போல ஒருநாள் இருப்பதில்லை. காலபோக அறுவடையில் நெல் வாங்குவோர் கட்டுக்கட்டாகத் தாள்களை எடுத்துச் சென்றால் வங்கிகளின் கையிருப்பு குறையும். அரசாங்கம் சம்பளம் போட்டால் கூடும். குறைந்த வங்கி, கூடிய வங்கியிடம் ஓரிரவுக் கடன் வாங்கும். அங்கும் கிடைக்காவிட்டால் அரசாங்கம் கடன் வாங்க வெளியிடும் குறுங்காலப் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களைப் பிணையாகக் கொடுத்து மத்திய வங்கியிடம் வாங்கும். மிஞ்சிய பணத்தை அங்கேயே ஓரிரவு வைக்கவும் முடியும். சந்தை முழுவதிலும் தட்டுப்பாடோ மிகையோ தெரிந்தால், மத்திய வங்கி ஏலம் நடத்திப் பணத்தை விடும் அல்லது இழுத்துக்கொள்ளும். ஓரிரவு வட்டியைத் தான் விரும்பும் இடத்தில் நிறுத்தத்தான் இத்தனையும். 2024 நவம்பரில் அந்த இடத்தைக் காட்டும் ஓரிரவுக் கொள்கை வீதத்தை 8 சதவீதமாக அறிவித்தது, 2025 மே மாதத்தில் 7.75 ஆக்கியது. அந்த வீதம் வருவதற்கு முன், 2022 ஏப்ரலில் தன் கொள்கை வட்டிகளை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியதும் இதே மத்திய வங்கிதான். உங்கள் வைப்பின் வட்டி அன்று ஏறியதும் பிறகு இறங்கியதும் அந்த வழியில் வந்தவை.

மகள் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவை எடுக்கட்டும், பொருளியல் கட்டாயம் இருக்கட்டும். பிறகு பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் வியாபாரக் கற்கைகள் பீடம் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் பொருளியல் இருக்கிறது. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. நல்ல வகுப்புச் சித்தி எடுத்தால் மத்திய வங்கி ஆட்சேர்க்கும்போது விண்ணப்பிக்கலாம். போட்டி கடுமையானது, வேலையும் பெரும்பாலும் கொழும்பில்தான். அதை மறைத்து உங்களை அனுப்ப மாட்டேன். கிளிநொச்சியில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, ஆனால் நான் சொன்ன ஏலமெல்லாம் அங்கே நடப்பதில்லை.

இவளுக்கு உண்மையில் குறைவாக இருப்பது ஆங்கிலம். சித்தப்பா உதவத்தான் வேண்டும் என்றால், இந்த இரண்டு வருடமும் ஆங்கில வகுப்புக் கட்டணத்தை அவர் அனுப்பட்டும்.