ஒரு டெசிபல் தப்பினால் நான்கு டிகிரி தப்பும்: போர் விமான மின்னணுப் போர் கேள்வி பதில்

எதிரி ரேடார் நம்மைப் பார்ப்பதை எச்சரிக்கும் ரேடார் வார்னிங் ரிசீவர், ரேடாரைக் குழப்பும் ஜாமர், ரேடாரை ஏமாற்ற விமானம் தூவும் சாஃப் பற்றிச் சென்னை வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். எந்த விமானத்தின் உள் விவரமும் இதில் வராது. இயற்பியலும் பட்டறை ஒழுக்கமும் மட்டுமே.

குரோம்பேட்டை, கல்லூரி மாணவர்: சார், ரிசீவரோட ஆன்டெனா சுத்தவே இல்ல. அப்புறம் எப்படி ரேடார் இருக்கிற திசை தெரியுது?

நான்கு மூலைக்கு நான்கு ஸ்பைரல் ஆன்டெனா இருக்கிறதே தம்பி, அது போதும். 2 முதல் 18 கிகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். ரேடார் விட்டுவிட்டு அனுப்பும் துடிப்புதான் பல்ஸ். ஒரே பல்ஸ் பக்கத்துப் பக்கத்து இரண்டு ஆன்டெனாவில் எவ்வளவு வலுவாக விழுகிறது என்று ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் திசையாக மாற்றுகிறார்கள். ஆன்டெனா நன்றாகக் கேட்கும் கோணம், அதாவது பீம் அகலம், 90 டிகிரி, ஆன்டெனாக்களுக்கு இடையே 90 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு டிகிரிக்கு கால் டெசிபலுக்கு (டெசிபல், சிக்னல் வலுவை ஒப்பிடும் அளவு) சற்று அதிகமான வித்தியாசம்தான் வரும். அப்படியானால் ஒரு சேனலில் (ஒரு மூலையின் ஆன்டெனா, கேபிள் வழி) 1 டெசிபல் கூடுதலாக இழந்தாலே திசை ஏறக்குறைய 4 டிகிரி நகரும். 3 டெசிபல் என்றால் 11 டிகிரி.

ஆவடி, டெக்னீஷியன்: ரிசீவர் பெட்டி சோதனை மேசையில் பாஸ். விமானத்தில் மாட்டினால் திசை தப்பாகக் காட்டுகிறது. பெட்டியை மாற்றியும் அதேதான். எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

பெட்டியை விடுங்கள், தப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதலில் பாருங்கள். முன்-இடது சேனல் பலவீனமாக இருந்தால், நேர் முன்னாலிருந்து வருவது வலப்பக்கம் தள்ளிக் காட்டும். இடப்பக்கத்திலிருந்து வருவது பின்னால் தள்ளிக் காட்டும். இரண்டுமே அந்த மூலையை விட்டு விலகுகின்றன என்றால் குற்றவாளி அந்தக் கேபிள் அல்லது ஆன்டெனா. முன்-இடதும் முன்-வலதும் கண்ணாடியில் பார்ப்பது போல மாறித் தெரிந்தால் இரண்டு கனெக்டரை மாற்றிச் சொருகியிருக்கிறார்கள்.

அடுத்து பெட்டிப் பக்கத்துக் கேபிளைக் கழற்றி, சிக்னல் எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு இழக்கிறது என்று அளக்கும் நெட்வொர்க் அனலைசரில் மாட்டுங்கள். டெஸ்ட் கேபிளின் நுனியில் ஓப்பன், ஷார்ட், லோடு என்ற மூன்று ஒப்பீட்டு முனைகளை வைத்துக் காலிபரேட் செய்த பிறகுதான் அளக்க வேண்டும். இந்தப் படியைச் செய்யாமல் எடுத்த அளவு எதற்கும் உதவாது. பிரதிபலிப்பு எத்தனை மீட்டர் தள்ளி வருகிறது என்று 'டிஸ்டன்ஸ் டு ஃபால்ட்' காட்டிவிடும். பிறகு இழப்பை 2, 6, 10, 14, 18 கிகாஹெர்ட்ஸில் எடுத்து, முதலில் பொருத்தியபோது குறித்து வைத்த அளவோடு ஒப்பிடுங்கள். ஈரம் புகுந்த கேபிள் 2 கிகாஹெர்ட்ஸில் நல்ல பிள்ளையாக இருக்கும், 18-இல் காட்டிக்கொடுத்துவிடும். தட்டினால் வரைகோடு துள்ளுகிறதா? கனெக்டர் தளர்ந்திருக்கிறது.

நம் ஊர் உப்புக்காற்றில் கனெக்டரைத் திறந்து வைப்பதே பாதி வினை. கழற்றியவுடன் மூடி போடுங்கள். பஞ்சு பிரியாத குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நடுப் பின் உள்ளே அழுந்திப் போகவில்லை என்று உறுதி செய்துவிட்டு மாட்டுங்கள். பித்தளை எஸ்எம்ஏ (சிறிய திருகு வகை) கனெக்டரை, இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ரெஞ்சால் 0.56 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். நட்டைத்தான் திருக வேண்டும். கேபிளைப் பிடித்துத் திருகினால் பின் தேயும்.

கேபிள் சரியாக இருந்தும் தப்பு நிற்கவில்லையா? ஆன்டெனா மூடி மேல் யாராவது மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். உலோகத் தூள் கலந்த பெயின்ட் ஒரு மூலையை அப்படியே அமுக்கிவிடும்.

வேளச்சேரி: ஜாமரைப் போட்டால் எதிரி ரேடார் குருடாகிவிடும்தானே?

தூரத்தில் ஆகும், கிட்டத்தில் ஆகாது. ரேடார் எதிரொலி போய்த் திரும்ப வேண்டும், அதனால் தூரத்தின் நான்காம் அடுக்கில் தேயும். ஜாமர் சிக்னலுக்கு ஒருவழிப் பயணம்தான், இரண்டாம் அடுக்கில் தேயும். விமானம் பாதித் தூரம் நெருங்கினால் எதிரொலி 12 டெசிபல் ஏறும், ஜாமர் 6 டெசிபல்தான் ஏறும். 40 கிலோமீட்டரில் ஜாமர் எதிரொலியைவிட 12 டெசிபல் ஓங்கி இருந்தால் 20-இல் 6, 10-இல் பூஜ்ஜியம். அதற்குப் பிறகு ரேடார் மெல்ல மெல்லப் பார்க்கத் தொடங்கும். இதைத்தான் பர்ன்-த்ரூ என்கிறோம்.

இன்னொரு இழப்பும் உண்டு. ரேடார் கேட்பது 1 மெகாஹெர்ட்ஸ், ஜாமர் இரைச்சலைப் பரப்புவது 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் 20 டெசிபல் வீண். அதனால்தான் ரேடார் பல்ஸையே டிஜிட்டலாகப் பதிந்து திருப்பி அனுப்பும் டிஆர்எஃப்எம் (டிஜிட்டல் ரேடியோ அலைவரிசை நினைவகம்) வந்தது. 1 மைக்ரோ விநாடி தாமதித்து அனுப்பினால் 150 மீட்டர் தள்ளி ஒரு பொய் இலக்கு எழும்.

திருவொற்றியூர்: கடலோரம் பறக்கும்போது வார்னிங் ரிசீவர் திரை நிறைந்து போகுமா?

தெரிந்த ரேடார்களின் அடையாளப் பட்டியலான லைப்ரரி சரியாக வேலை செய்யாவிட்டால் நிறையும். கப்பல்களின் வழிகாட்டு ரேடார்கள் 9.3 முதல் 9.5 கிகாஹெர்ட்ஸில் இருக்கின்றன; எண்ணூருக்கும் துறைமுகத்துக்கும் வெளியே எத்தனை கப்பல் நிற்கிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, மேக்னட்ரான் என்ற வெற்றிடக் குழாயால் அலையை உருவாக்கும் ரேடார்கள். சூடேறினால் அலைவரிசை நகரும். லைப்ரரியில் அலைவரிசை ஜன்னலைக் குறுக்கினால் 'தெரியாத ரேடார்' என்று கத்தும். அகலமாக்கினால் உண்மையான அச்சுறுத்தலையும் கப்பலாக நினைத்து ஒதுக்கிவிடும். எனக்குப் பிந்தையதுதான் பயம். அலைவரிசையை மட்டும் நம்பாமல் பல்ஸ் இடைவெளி, பல்ஸ் அகலம், ஸ்கேன் நேரம் மூன்றும் சேர்ந்து பொருந்தினால்தான் கப்பல் என்று குறிக்க வேண்டும்.

சைதாப்பேட்டை: சொந்த விமானத்தின் ரேடாரே ரிசீவரைத் தொந்தரவு செய்யாதா?

செய்யும். அதனால் ஒவ்வொரு பல்ஸுக்கும் ரிசீவரின் காதைச் சிறிது நேரம் அடைக்கிறோம், பிளாங்கிங். ஆனால் விநாடிக்கு 10,000 பல்ஸ், ஒவ்வொன்றுக்கும் 15 மைக்ரோ விநாடி என்றால் 15 சதவீத நேரம் செவிடு. பிளாங்கிங்கைத் தேவைக்கு மேல் நீட்டாதீர்கள்.

ராயபுரம், பள்ளி மாணவி: சாஃப் ஏன் முடி மாதிரி இருக்கு சார்?

அலுமினியம் பூசிய கண்ணாடி இழை அது. அலைநீளத்தில் பாதி நீளம் இருந்தால் நன்றாக எதிரொலிக்கும். 10 கிகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 3 சென்டிமீட்டர், எனவே இழை ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர். பல ரேடாருக்கும் ஈடு கொடுக்க, பல நீளங்களில் வெட்டிக் கலந்து அடைப்பார்கள்.

பல்லாவரம்: பொண்ணு இசிஇ மூணாவது வருஷம். இந்த வேலைக்கு என்ன பண்ணணும்?

அம்மா, வடிவமைப்பு வேலை பெரும்பாலும் டிஆர்டிஓவின் (பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பு) பெங்களூரு டேர், ஹைதராபாத் டிஎல்ஆர்எல் ஆய்வகங்களில். டிஆர்டிஓ விஞ்ஞானி பணிக்கு கேட் (GATE) தேர்வு மதிப்பெண் முக்கியம். இஎம்ஐ-இஎம்சி (கருவிகளுக்கு இடையே மின்காந்த இடையூறு) சோதனை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ள தரமணி சமீர் (SAMEER) ஆராய்ச்சி மையம் பக்கத்திலேயே இருக்கிறது. இன்டர்ன்ஷிப் கேட்டுப் பார்க்கட்டும்.

கலந்து வரும் ரேடார் பல்ஸ்களைப் பிரிக்க வீட்டிலேயே ஒரு பயிற்சி. பைத்தானில் 730, 1000, 1310 மைக்ரோ விநாடி இடைவெளியில் மூன்று பல்ஸ் வரிசை உருவாக்கி ஒன்றாகக் கலக்கி, பத்தில் ஒரு பல்ஸை அழிக்கச் சொல்லுங்கள். பிறகு, பல்ஸ்கள் வந்து சேர்ந்த நேரங்களின் வித்தியாசத்தை மட்டும் வைத்து மூன்றையும் பிரிக்கட்டும். எந்த இடைவெளி எத்தனை முறை வருகிறது என்று வரைந்தால் 1460-இலும் 2000-இலும் பொய்யான மேடுகள் எழும். அவை புதிய ரேடார் இல்லை, 730, 1000 வரிசைகளின் இரட்டிப்பு என்று நிரல் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். அது முடிந்தால், ஒரு வரிசையின் இடைவெளியைப் பல்ஸுக்குப் பல்ஸ் 5 சதவீதம் ஆட்டிவிட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள்.