எதைச் சொன்னாலும் "என்ன தருவே?" என்று கேட்கும் குழந்தை

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. இரவில் பல் துலக்கவும் பொம்மைகளை எடுத்துவைக்கவும் பரிசு கொடுத்துப் பழக்கினேன். இப்போது எதைச் சொன்னாலும் "என்னம்மா தருவே?" என்கிறான். ஆசையாகப் படம் வரைவான், இப்போது அதற்கும் பரிசு கேட்கிறான். எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா?

பதில்: இன்றே மொத்தமாக நிறுத்த வேண்டாம். பரிசு கொடுத்ததில் தவறில்லை. எதற்குக் கொடுப்பது, எப்போது குறைப்பது என்பதைத்தான் இப்போது முடிவு செய்ய வேண்டும்.

முதலில் படம் வரைவதைப் பரிசிலிருந்து விலக்குங்கள். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. பிறகு, பரிசுப் பேச்சே இல்லாத நாட்களில் கவனித்தபோது, முன்பே ஆசை காட்டப்பட்ட குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வம் அப்படிக் குறையவில்லை. ஆகவே உங்கள் மகன் விரும்பிச் செய்யும் எதற்கும் விலை பேசாதீர்கள். அருகில் உட்கார்ந்து, "இந்த யானை எங்கே போகுது?" என்று கேளுங்கள். அந்தக் கவனிப்பே அவனுக்குப் போதும்.

பல் துலக்குவது வேறு மாதிரி. அதில் குழந்தைக்கு உடனடி இன்பம் ஒன்றும் இல்லை, பலனும் கண்ணுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட வேலையைத் தொடங்கிவைக்கப் பரிசு நன்றாக உதவும். இப்போதைக்கு இந்த ஒரு பழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "நல்ல பிள்ளையா இரு" என்றால் அவனுக்கு ஒன்றும் புரியாது. "சாப்பிட்டதும் பல் துலக்கினால் ஒரு ஸ்டிக்கர்" என்றால் புரியும். துலக்கி முடித்த அந்த நிமிடமே ஸ்டிக்கரை அவன் கையாலேயே ஒட்டச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் பெரிய பொம்மை என்பதெல்லாம் இந்த வயதுக்கு எட்டாத தூரம். ஐந்து ஸ்டிக்கர் சேர்ந்தால் கூடுதலாக ஒரு கதை, அல்லது அவன் சொல்லும் விளையாட்டை உங்களோடு ஆடுவது என்று வைக்கலாம். கடையில் வாங்கும் பொருளைவிட இது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஒட்டும்போது, "நான் சொல்லாமலேயே பிரஷ் எடுத்துட்டியே!" என்று அவன் செய்ததைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். ஸ்டிக்கர் போன பிறகும் நிற்கப் போவது இந்தப் பாராட்டுதான்.

சில வாரங்கள் தடையில்லாமல் நடந்த பிறகு, அவனிடம் சொல்லிவிட்டே குறைக்கத் தொடங்குங்கள்: இரண்டு இரவுக்கு ஒன்று, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. இதில் அவசரம் கூடாது. லண்டனில் பெரியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஒரு புதிய செயல் பழக்கமாக 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று தெரிந்தது. குழந்தைக்கு ஒரே வாரத்தில் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பொம்மைகளை எடுத்துவைக்கப் பரிசே தேவையில்லை, வேலைகளின் வரிசையை மாற்றினால் போதும். பிடிக்காத வேலைக்குப் பின்னால் பிடித்ததை வைத்தால் அந்த வேலை நடக்கும் என்பதை உளவியலாளர் டேவிட் பிரீமேக் 1959-லேயே விளக்கினார். "என்ன தருவே?" என்று கேட்டால், "பொம்மையை எடுத்து வெச்சதும் கதை ஆரம்பிக்கலாம்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். தினமும் எப்படியும் சொல்லப்போகும் கதைதான், இது கூலி அல்ல. அவன் இழுத்தடித்தால் கதை நேரம் சுருங்கும், அவ்வளவுதான்.

முதல் சில நாட்கள் அடம் கூடத்தான் செய்யும். அழுகையை நிறுத்த அந்த நேரத்தில் எதையாவது கொடுத்தால், அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். அப்பா, தாத்தா, பாட்டி எல்லாரிடமும் இதை முன்பே பேசிவிடுங்கள். இன்னொன்று, கோபத்தில் ஏற்கெனவே ஒட்டிய ஸ்டிக்கரைப் பிடுங்காதீர்கள். இன்று பல் துலக்கவில்லை என்றால் இன்றைக்கு ஸ்டிக்கர் இல்லை, நேற்று வாங்கியது அவனுடையதுதான்.