அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்ற முஸ்லிம் பிரமுகர்களை சொந்த ஜனங்களே ஏன் நம்ப மாட்டேங்குறாங்க?

கேள்வி கேட்டவரு பிரிட்டனை வச்சு கேட்டிருக்காரு. தீவிரவாதத் தடுப்புக்குன்னு அங்க அரசாங்கம் கூட வச்சிக்கிட்ட முஸ்லிம் ஆலோசகர்களை அந்த ஊரு முஸ்லிம்களே உளவாளின்னு ஏசுறாங்களே, நல்லது பண்ணப் போனவங்களுக்கு இது நியாயமான்னு. நான் பிரிட்டன் போனதில்ல, கீழக்கரை பக்கம் கடலோர ஊரு எங்களுக்கு. ஆனா அந்த வேலையோட சின்ன உருவத்தை சம்பளமே இல்லாம இருபது வருஷம் பாத்த மனுஷனோட வீட்ல வளந்தவன், எங்க தாய்மாமா ஊரு பள்ளிவாசல் ஜமாஅத் செயலாளரா இருந்தாங்க, அதனால சொல்றேன்.

டிசம்பர் 6 வந்தா, ஊர்வலம் எதாச்சும் இருந்தா, தாலுகா ஆபீஸ்ல சமாதானக் கூட்டம் போடுவாங்க, மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு போவாங்க. பையங்க ரெண்டு பேரு அடிச்சிக்கிட்டா ஸ்டேஷன்ல இருந்து முதல் போன் அவங்களுக்குத்தான் வரும். அதுவரைக்கும் யாருக்கும் மாமா மேல குறை கிடையாது, ஏன்னா அவங்க அங்க போறது நமக்காகப் பேசன்னு எல்லாருக்கும் தெரியும்.

2014 ஆகஸ்ட்ல எங்க ராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டில சில பையங்க ஐஎஸ்ஐஎஸ் பேரு போட்ட டிசர்ட் போட்டுக்கிட்டு பள்ளிவாசல் முன்னாடி நின்னு எடுத்த போட்டோ ஒண்ணு சுத்துச்சு ஞாபகம் இருக்கா, ரெண்டு பேரு கைது கூட ஆனாங்க. அதுக்கப்புறம் மாவட்டம் பூரா விசாரணை. எங்க ஊருக்கும் மஃப்டில ஒரு அதிகாரி வந்தாரு. சாயங்கால அசர் தொழுகை முடிஞ்ச நேரம், மாமா வீட்டுத் திண்ணைல உக்காந்து டீ குடிச்சிட்டு "பாய், சும்மா ஒரு லிஸ்ட் தான், பதினெட்டுல இருந்து முப்பது வயசு பசங்க யாரு வெளிநாட்ல இருக்கான், யாரு திரும்பி வந்திருக்கான், போன் நம்பரோட எழுதிக் குடுங்க, நீங்களே குடுத்துட்டா நாங்க வீடு வீடா வந்து பொம்பளைங்களை பயமுறுத்த வேணாம் பாருங்க" ன்னாரு. மாமா ஜமாஅத் சந்தா நோட்டைப் பாத்து ரெண்டு முழுத்தாள்ல கைப்பட எழுதினாங்க, அடில முத்திரை பதிச்சு கையெழுத்தும் போட்டாங்க. அந்த ஊதா மை காயட்டும்னு தாளை ஊதிக்கிட்டு இருந்தது இன்னும் கண்ணுல நிக்குது. எங்க காக்கா, அதான் அண்ணன், பேரும் அதுல இருந்துச்சு. ஒளிக்க ஒண்ணுமில்லங்கறப்ப குடுக்கறதுல என்னன்னு தான் அவங்க நெனச்சாங்க.

அப்புறம் ரெண்டு தெரு தள்ளி ஒரு பையன், துபாய்ல இருந்து லீவுக்கு வந்தவன், பாஸ்போர்ட் புதுப்பிக்கக் குடுத்தான், போலீஸ் வெரிஃபிகேஷன்ல எட்டு மாசம் நின்னு போச்சு, விசாவும் போச்சு. அந்த லிஸ்டாலதான்னு நிரூபிக்க முடியாது, இல்லன்னு சொல்லவும் முடியாது. அவன் உம்மா ஒரு நாள் வாசப்படில வந்து நின்னு, சத்தம் போடல, அழல, "என் புள்ள பேரை ஏன் எழுதிக் குடுத்தீக, எங்கள்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" ன்னு மட்டும் கேட்டுட்டுப் போனாங்க. மாமாகிட்ட பதில் இல்ல. அடுத்த ஜும்ஆவுல இருந்து அவங்க பக்கத்துல வந்து உக்கார்ற பையங்க எண்ணிக்கை குறைஞ்சதை நானே பாத்தேன்.

இப்ப பிரிட்டனுக்கு வாங்க, அங்க நடந்ததும் இதேதான், அளவு தான் பெருசு. 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்புல 52 பேரு செத்தாங்க. அதுக்கப்புறம் 'ப்ரிவென்ட்' ன்னு ஒரு திட்டத்துல பணத்தைக் கொட்டினாங்க, ஒரு பக்கம் பையங்களுக்கு கால்பந்து, ட்யூஷன், பொம்பளைங்களுக்கு வகுப்புன்னு நல்ல காரியம், ஆனா பணம் வர்ற கணக்கு தீவிரவாதத் தடுப்பு. 2008ல முஸ்லிம் பெண்களுக்குன்னு ஒரு தேசிய ஆலோசனைக் குழு வச்சாங்க, அதுல இருந்த ஷாயிஸ்தா கோஹிர் 2010ல அது பேருக்குத்தான் இருக்குன்னு குறை சொல்லி விலகிட்டாங்க. 2009ல முஸ்லிம் கவுன்சில் ஆஃப் பிரிட்டனோட ஒரு நிர்வாகி கையெழுத்துப் போட்ட அறிக்கை பிடிக்கலன்னு அரசாங்கம் அந்த அமைப்போட பேச்சையே நிறுத்துச்சு, அடுத்த வருஷம் திரும்பப் பேச ஆரம்பிச்சுச்சு. தீவிரவாதத்தை எதிர்க்கன்னு குவில்லியம்னு ஒரு அமைப்பு 2008ல பெருசா வந்துச்சு, அரசாங்கப் பணமும் வாங்குச்சு, ஜனங்க மத்தியில வேர் பிடிக்கல, 2021ல மூடிட்டாங்க. இதையெல்லாம் பாக்கற சாதாரண ஆளு என்ன நெனப்பான், இவரை யாரு தேர்ந்தெடுத்தது, நாமளா அவங்களான்னு தான நெனப்பான்.

எல்லாத்தையும் விட பர்மிங்காம் கேமரா விஷயம் தான் எனக்கு அந்த ரெண்டு முழுத்தாளை ஞாபகப்படுத்துது. 2010ல முஸ்லிம்கள் அதிகமா இருக்கற ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் ஏரியாவுல 218 கேமரா வச்சாங்க, திருட்டு ரவுடித்தனம் குறையும்னு ஜனங்கள்ட்டயும் உள்ளூர் பிரதிநிதிகள்ட்டயும் சொன்னாங்க. பாத்தா பணம் வந்தது பயங்கரவாதத் தடுப்பு நிதில இருந்து, நிறைய கேமரா கண்ணுக்குத் தெரியாம ஒளிச்சு வச்சது. விஷயம் வெளில வந்து போலீஸ் மன்னிப்பு கேட்டு 2011ல கழட்டிட்டாங்க. கேமராவைக் கழட்டிடலாம், "உங்க நல்லதுக்குத்தான்" ன்னு தெருவுக்கு எடுத்துச் சொன்ன உள்ளூர் பெரியவரு அடுத்த தடவை என்ன சொன்னாலும் யாரு காது குடுப்பா? 2015ல சட்டம் போட்டு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாருமே சந்தேகப்படற ஆளைப் பத்தி கவனிச்சுச் சொல்லணும்னு ஆக்கினதும் பயம் இன்னும் கூடிப்போச்சு. இத்தனைக்கும் 2020-21 கணக்குல வலதுசாரித் தீவிரவாத சந்தேகத்துல ப்ரிவென்ட் திட்டத்துக்கு அனுப்பப்பட்டவங்க இஸ்லாமிய தீவிரவாத சந்தேகத்துல அனுப்பப்பட்டவங்களை விட முதல் தடவையா அதிகம்.

அப்ப ஒதுங்கிடலாமான்னு கேட்டா, கூடவே கூடாதுங்கறேன். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையைப் பாருங்க, எங்க பெரியவங்க பாதி பேரு கொழும்புல மாணிக்க வியாபாரம் பண்ணினவங்க, அதனால 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்னைக்கு எங்க ஊருலயும் சோறு இறங்கல. அன்னைக்கு அங்க தற்கொலைக் குண்டு வெடிச்சு 250 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்குத் தலைமை தாங்கின ஸஹ்ரானைப் பத்தி அவன் ஊரு காத்தான்குடி முஸ்லிம்களே முன்னாடியே புகார் குடுத்திருந்தாங்க, 2017 மார்ச்ல அவன் கூட்டம் சூஃபி வழில உள்ளவங்களை அடிச்சு கலவரமே ஆச்சு, அப்ப தலைமறைவானவன். சமூகம் சொல்லியாச்சு, இந்தியாவுல இருந்தும் எச்சரிக்கை போயாச்சு, மேல உள்ளவங்க காதுல வாங்கல. 2023 ஜனவரில அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நஷ்டஈடு குடுக்கச் சொன்னது அதுக்குத்தான். ஆனா குண்டு வெடிச்சதும் அடி வாங்கினது யாரு, மே மாசக் கலவரத்துல கடையும் பள்ளிவாசலும் எரிஞ்சது ஒண்ணும் அறியாத முஸ்லிம்களோடது.

அதனால கொலை, குண்டுன்னு ஒருத்தன் பேசினா அன்னைக்கே போலீசுக்குச் சொல்றது கடமை, அதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது. ஆனா குத்தம் எதுவும் பண்ணாதவன் எங்க தொழறான், யாரோட பேசறான்னு ஒப்பிக்கறது வேற. இது ரெண்டையும் ஒண்ணாக்கினா ஜனங்க முதல் வேலைக்கும் வாயைத் திறக்க மாட்டாங்க, அந்த இழப்பு அரசாங்கத்துக்கும் தான். அப்புறம் பேச்சு ரெண்டு பக்கமும் போகணும். இங்கேருந்து தகவல் மட்டும் மேல போயி, அங்கேருந்து பாஸ்போர்ட் ஏன் நிக்குதுன்னு ஒரு பதில் கீழ வரலன்னா நடுவுல நிக்கறவரை வேற என்னன்னு கூப்பிடுவாங்க.

மாமா அந்த உம்மா வந்துட்டுப் போனதுக்கப்புறம் ஒரு பழக்கம் ஆரம்பிச்சாங்க. எந்த அதிகாரி வந்தாலும் ஜமாஅத் மினிட் நோட்ல தேதி போட்டு, இன்னாரு வந்தாரு, இதைக் கேட்டாரு, இதைச் சொன்னேன், இதைச் சொல்லலன்னு எழுதி, வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் சத்தமா வாசிப்பாங்க. பேரு லிஸ்ட் கேட்டா "எழுத்துல கேளுங்க சார், கமிட்டில வச்சு பதில் தர்றோம்" தான். பாதி பேரு அதோட திரும்பி வரல. ஒரே ஒரு இன்ஸ்பெக்டர், புதுசா மாத்தலாகி வந்தவரு, "அப்ப நான் வெள்ளிக்கிழமை வரட்டுமா பாய்" ன்னு கேட்டாரு. செருப்பைக் கழட்டிட்டு பள்ளி வராண்டால பாய்ல உக்காந்தாரு, மாமா நோட்டை வாசிக்கறதைக் கேட்டாரு. பின்னால இருந்து முதல்ல எந்திரிச்சது அந்த துபாய் பையன் தான், கைல அப்ளிகேஷன் ரசீது, அதை நீட்டி "சார், இது எந்த மேசைல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க" ன்னான். அவரு வாங்கி நம்பரைத் தன் டைரில எழுதிக்கிட்டாரு. மாமா அதையும் தேதி போட்டு நோட்ல எழுதினாங்க.