உப்பின கண்ணும் உப்புமாவும்

கேள்வி: காலைல எழுந்து கண்ணாடி பார்த்தா ரெண்டு கண் ரெப்பையும் உப்பிப் போய் இருக்கு, ஒன்பது மணிக்கு மேல தானா வடியுது. பாட்டி வைத்தியம் ஏதாவது சொல்லுங்களேன்? (ஒரு வாசகி, தென்காசி)

பதில்: "உப்பிப் போய்"னு எழுதினீங்க பாருங்க, அதுக்கே ஒரு வருஷ சந்தா இலவசமா குடுக்கலாம், மேனேஜர் விடமாட்டார். எங்க ஆபீஸ்ல முன்னாடி ஒரு ப்ரூஃப் ரீடர் இருந்தார், கன்னம் உப்பினாலும் சரி பலூன் உப்பினாலும் சரி எல்லாத்தையும் சிவப்பு பேனாவால "வீங்கி"னு மாத்திடுவார், ஒருதடவை சமையல் பக்கத்துல "பூரி நன்கு வீங்கியதும் எடுக்கவும்"னு அச்சாகியே வந்துடுச்சு. அன்னிலேர்ந்து எனக்கும் அவருக்கும் பேச்சு கிடையாது.

இதுல வேடிக்கை என்னன்னா, நோயும் காரணமும் ஒரே வார்த்தைல இருக்கு. கண்ணு உப்புறதுக்கு உப்பும் ஒரு முக்கிய காரணம். ராத்திரி பத்து மணிக்கு தயிர் சாதம், தொட்டுக்க மாவடு, ரெண்டு அப்பளம், கடைசி கவளத்துக்கு அந்த மாவடு ஜாடி தண்ணிய ஊத்தி பிசைஞ்சு ஒரு வாய். உள்ள போன உப்பு தண்ணிய பிடிச்சு வச்சுக்கும், நாம போய் மட்டமா படுத்துடறோமா, பகல்ல காலுக்கு இறங்கற தண்ணில கொஞ்சம் மூஞ்சிக்கு வந்துடும். உடம்புலயே மெல்லிசான தோல் ரெப்பைலதான், அடியில இறுக்கமே இல்லாத இடம், தண்ணி தங்க இதைவிட வசதி எங்க கிடைக்கும்? எழுந்து நடமாடினா வடிஞ்சிடும், உங்க ஒன்பது மணி கணக்கு அதுதான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்ள உப்பு போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அவங்க எங்க வீட்டு மாவடு ஜாடிய பார்த்ததில்ல.

உப்புமா விஷயத்தையும் இங்கயே முடிச்சுடறேன். உப்பு போட்ட மாவுங்கறதால உப்புமான்னு எல்லாரும் சொல்றாங்க, உப்பு போடாத பண்டம் எது சார்? இட்லிக்கு போடலயா? ஒரு டம்ளர் ரவை சட்டி நிறைய உப்புதே அதனாலதான் உப்புமான்னு நான் முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன், வீட்லயும் கேக்கல ஆபீஸ்லயும் கேக்கல.

சரி, பாட்டி வைத்தியம். வெள்ளரிக்கா வில்லை, டீ பேக், ஃப்ரிட்ஜ்ல வச்ச ஸ்பூன்னு சொல்லுவாங்க. எங்க பாட்டி டீ பேக்க கண்ணால பார்த்ததில்ல, ஃப்ரிட்ஜ் நம்ம நாட்டுல தயாராக ஆரம்பிச்சதே 1958லதான், எந்த பாட்டி இதெல்லாம் சொன்னாங்கன்னு தெரியல. மூணுலயும் முக்கியமா வேலை செய்யறது அந்த சில்லுங்கற குளிர்ச்சிதான். இஷ்யூ முடிக்கிற ராத்திரி டீக்கடை தட்டவடைல ஒரு பாக்கெட் காலி பண்ணிட்டு படுத்தா மறுநாள் என் கண்ணும் பன்னு மாதிரிதான் இருக்கும், பழைய வேட்டித் துணிய பானைத் தண்ணில நனைச்சு பிழிஞ்சு மூடின கண்ணு மேல பத்து நிமிஷம் போட்டுப்பேன், அவ்ளோதான். தலைக்கு இன்னொரு தலகாணி வச்சுக்கோங்க, கண்ண கசக்காதீங்க, எலுமிச்சம்பழத்த மட்டும் தயவுசெஞ்சு கண்ணு பக்கம் கொண்டு போகாதீங்க. கண்கட்டியா இருந்தா சில்லு வேண்டாம், வெந்நீர் ஒத்தடம்.

ஒரு கண்ணு மட்டும் சிவந்து வலிச்சு காய்ச்சலும் வந்தா அன்னிக்கே டாக்டர்ட்ட போயிடணும். தினமும் உப்புது, காலும் சேர்ந்து உப்புது, யூரின் நுரைச்சு போகுதுன்னா கிட்னிய பார்க்கணும், யூரின்ல புரதம் போகுதான்னு ஒரு டெஸ்ட், கூடவே தைராய்டு. அதெல்லாம் பானைத் தண்ணிக்கு அடங்காது.

ஆமா, முந்தின நாள் ராத்திரி என்ன சாப்பிட்டீங்கன்னு நீங்க எழுதவே இல்லையே? அடுத்த லெட்டர்ல மறைக்காம எழுதுங்க.