அப்பாவுக்கு ஒரே வாரம், எனக்கு மட்டும் மூன்று மாதமா?

கேள்வி: எனக்கு வயது 41. அன்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற முதுகெலும்பு வாதம் இருக்கிறது. ஐந்து வருடமாக வலது கண் அடிக்கடி சிவந்து வலிக்கும். யுவியைடிஸ், அதாவது கண்ணுக்குள் அழற்சி என்று ஸ்டீராய்டு சொட்டு மருந்து தருகிறார்கள். இப்போது அதே கண்ணில் புரை. 70 வயது அப்பாவுக்குப் புரை என்றதும் ஒரே வாரத்தில் ஆபரேஷன் முடிந்தது. எனக்கோ, கண் மூன்று மாதம் அமைதியாக இருந்தால்தான் செய்வேன் என்கிறார் டாக்டர். ஏன்? சொட்டு மருந்தால் புரை வரும் என்கிறார்களே, அதை நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் அப்பாவுக்கு வந்ததும் உங்களுக்கு வந்ததும் பெயரில் மட்டும்தான் ஒன்று. அவருடையது வயதால் வந்தது. லென்ஸில் இருக்கும் புரதங்கள் பல வருட வெயிலிலும் ஆக்சிஜனேற்றத்திலும் கெட்டு, திரண்டு, மங்கிப்போகின்றன. அந்தக் கண்ணில் சண்டை எதுவும் நடக்கவில்லை. உங்கள் கண்ணில் நடக்கிறது.

நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றையொன்று கூப்பிடுவதற்குச் சுரக்கும் சிறு புரதங்களை சைட்டோகைன் என்கிறோம். யுவியைடிஸ் வந்த கண்ணின் முன்னறை நீரில் இன்டர்லூக்கின்-6 போன்றவை ஏறிவிடும். ரத்தத்தில் இருப்பது கண்ணுக்குள் வராமல் காக்கும் தடுப்பு தளர்ந்து, புரதமும் வெள்ளை அணுக்களும் உள்ளே கசியும். ஓட்டு இடுக்கில் விழும் வெயில் கீற்றில் தூசி மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்லிட் லாம்ப் கருவியின் ஒளிக்கீற்றில் உங்கள் டாக்டர் பார்ப்பது ஏறக்குறைய அதுதான். மிதப்பவை வெள்ளை அணுக்கள். லென்ஸுக்கு ரத்தக் குழாய் கிடையாது, இந்த நீர்தான் அதற்குச் சாப்பாடு. நீர் கெட்டால் லென்ஸும் கெடும். ஸ்டீராய்டும் நாளடைவில் லென்ஸின் பின்புறம் புரை உண்டாக்கும், உண்மைதான். ஆனால் அழற்சியை அடக்காமல் விட்டால் புரையோடு நிற்காது. பாப்பாவைச் சுற்றியுள்ள ஐரிஸ் படலம் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளலாம், கண் அழுத்தம் ஏறலாம், விழித்திரையின் மையத்தில் நீர் கோத்துக்கொள்ளலாம். புரையை எடுத்துவிடலாம். இவற்றால் பார்வை போனால் சில சமயம் திரும்பாது.

சர்க்கரை நோயாளிகளின் புரை வேறு ரகம். லென்ஸுக்குள் புகும் அதிக குளுக்கோஸ் சார்பிட்டால் என்ற வேறொரு சர்க்கரைப் பொருளாக மாறி நீரை இழுப்பது அங்கே முக்கியக் காரணம். ஆனாலும் அவர்களின் கண்ணின் முன்னறை நீரிலும் இன்டர்லூக்கின்-6, எம்சிபி-1, விஇஜிஎஃப் ஆகிய செய்திப் புரதங்கள் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு அவர்களுக்கு விழித்திரை வீக்கம் வரும் வாய்ப்பு அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று மாதக் கணக்குக்கு வருகிறேன். எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் ஆபரேஷன் கண்ணுக்கு ஒரு காயம். அமைதியான கண்ணில் அதனால் எழும் அழற்சி சில வாரங்களில் அடங்கிவிடும். ஏற்கெனவே சைட்டோகைன் நிறைந்த கண்ணில் அது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது போல. இன்னொன்றும் உண்டு. டிஜிஎஃப்-பீட்டா என்ற மூலக்கூறு சாதாரணமாகக் கண்ணை அமைதிப்படுத்துவது. ஆனால் ஆபரேஷனில் மிஞ்சிய லென்ஸ் செல்களை நார்த்தழும்பாக மாற்றுவதும் அதுவேதான். புது லென்ஸுக்குப் பின்னாலுள்ள உறை மங்குவது இப்படித்தான். யுவியைடிஸ் கண்களில் இது அதிகம். வந்தால் யாக் என்ற லேசர் ஒளியால் சரிசெய்யலாம். ஆனால் உள்ளே அழற்சி இருக்கும்போது அதையும் தொட முடியாது.

காத்திருக்கக் கூடாத சூழலும் உண்டு. முற்றிய புரையிலிருந்து புரதம் கசிந்து அதுவே அழற்சியைக் கிளப்பினால் உடனே எடுக்க வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது அப்படித் தெரியவில்லை.

இந்த மூன்று மாதத்தில் உங்கள் வாத நோய் மருத்துவரையும் பாருங்கள். ஆண்டுக்குப் பலமுறை கண் சிவக்கிறது என்றால், டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற சைட்டோகைனைத் தடுக்கும் அடலிமுமாப் ஊசி முதுகுக்கும் கண்ணுக்கும் சேர்த்து உதவுமா என்று கேளுங்கள். அதற்கு முன் காசநோய் இல்லை என்று பரிசோதித்து உறுதிசெய்வார்கள். ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே ஸ்டீராய்டைக் கூட்டுவார்கள், பயப்படாதீர்கள்.

இடையில் கண் சிவந்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள். அப்படி ஆனால் மூன்று மாதத்தை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும். சிரமம்தான், ஆனாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.